மூக்கு பாயும் கிளட்ச் புகையும்

கிளட்ச் வேலை பாக்கிறவனுக்கு ஸ்பானர் செட்டுல முதல் சாமான் மூக்கு. மத்ததெல்லாம் கடையில கிடைக்கும்.

திருத்தணியில அரக்கோணம் ரோட்டுல நாப்பது வருஷமா கிளட்ச் பிளேட்டு மாத்திக்கினு இருக்கேன். படிச்சது அஞ்சாங்கிளாஸ். அதனால இதுல இலக்கணம் தேடாதீங்க. மலைப்பாதையில முன்னால ஒரு பஸ், பின்னால ஒரு வேன், நடுவுல உங்க வண்டி, இடது கால் கிளட்ச் மேல வெடவெடன்னு ஆட, பக்கத்துல வீட்டம்மா "ஏங்க, பின்னால போவுது, பின்னால போவுது"ன்னு கத்தின அனுபவம் உங்களுக்கு இருந்தா, நீங்களும் நானும் சொந்தக்காரங்க. கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வெச்சிருக்கிறவங்களும் தாராளமா படிக்கலாம். ஆனா எங்க வலி உங்களுக்குப் புரியாது.

ஒரு ரகசியத்தை முதல்லயே சொல்லிடறேன். ஊருல எனக்கு மூக்கு பாய்னு பேரு. வண்டியை மோந்து பாத்தே கோளாறு சொல்லிடுவேன்னு நகரி, ஆர்.கே.பேட்டை வரைக்கும் நம்புறாங்க. அந்த மூக்கு வேலை செய்யறதை நிறுத்தி ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. இது வெளியில தெரிஞ்சா என் கடைக்கு வர்ற வண்டியெல்லாம் நாலு கடை தள்ளிப் போய் நிக்கும். அதனால படிச்சிட்டு திருத்தணிப் பக்கம் வந்தீங்கன்னா, சாமி கும்புட்டுட்டு, வாயைத் தெறக்காம கிளம்பிடுங்க.

பேர் வந்த கதை

அரக்கோணத்துல ரயில்வேயில வேலை பாக்கிற ஒருத்தரு பழைய காரு ஒண்ணு வெச்சிருந்தாரு. வண்டி இழுக்கலைன்னு மூணு கடை ஏறி இறங்கிட்டாரு. ஒருத்தன் பிளக்கை மாத்தினான், ஒருத்தன் கார்புரேட்டரைக் கழுவினான், இன்னொருத்தன் எதையும் மாத்தாம, நேரம் சரியில்லைன்னு சொல்லி அனுப்பிட்டான். நாலாவதா என் கடை வாசல்ல வந்து நிறுத்தினாரு. நான் ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சிக்கினு இருந்தேன். அவரு கதவைத் தெறந்து கீழ இறங்கறதுக்குள்ள, "கிளட்ச் பிளேட்டு போச்சு சார்"னேன்.

மனுசனுக்குக் கோவம் வந்துடுச்சு. பானெட்டைக் கூடத் தெறக்காம எப்படிச் சொல்றேன்னு கேட்டாரு. எப்படிச் சொல்றது? கிளட்ச் எரிஞ்சா, பழைய நோட்டுப் புஸ்தகத்தோட தலைமயிரையும் சேத்து எரிச்ச மாதிரி ஒரு வாசனை வரும். டயர் எரிஞ்சா மூக்கு நுனியில குத்தும். பிரேக்கு சூடானா துருப்பிடிச்ச இரும்பை நக்கின மாதிரி இருக்கும். வயரு எரிஞ்சா தொண்டையில கசப்பு இறங்கும். நாலும் நாலு வாசனை. எனக்கு அது நாலு பசங்க குரல் மாதிரி, கண்ணை மூடிக்கினே யாரு கூப்பிடறான்னு தெரியும். வண்டியைப் பிரிச்சா, பிளேட்டுல ஒட்டியிருக்கிற பட்டை தேஞ்சு ஆணி வெளியில வந்து கீது. அவரு பிளேட்டையும் என் மூக்கையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் ரொம்ப மரியாதையா சொன்னாரு: "பாய், அடுத்த மாசம் என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறோம். நீங்களும் கூட வந்து ஒரு தடவை மோந்து பாத்துச் சொல்லுங்க."

மலை மேல வந்த வாசனை

ஒரு கிருத்திகை அன்னிக்கு மெட்ராஸ்லேர்ந்து வந்த ஒரு குடும்பம். ஒரு வண்டியில ஆறு பேரு, ஒரு கூடை பூ, ஒரு குடம் பால். மலை ஏறுற ரோட்டுல வண்டி வரிசை நத்தை மாதிரி ஊர்ந்துக்கினு இருந்திருக்கு. ஓட்டினவரு கைப்பிரேக்கைத் தொடவே இல்ல. மலை முச்சூடும் கிளட்ச்சைப் பாதி மிதிச்சும் பாதி விட்டும் வண்டியைப் புடிச்சு நிறுத்தியே மேல போயிருக்காரு. எறங்கறப்ப வண்டி தானா எறங்கிடுச்சு. அடிவாரத்துல சமதரையில வந்ததும் நின்னுடுச்சு. கயிறு கட்டி இழுத்துக்கினு வந்தாங்க.

பிளேட்டைக் கழட்டினா கையில கரியா கொட்டுது. எனக்கு மனசு கேக்கல. "ஏன் சார், இவ்ளோ எரிஞ்சிருக்கே, வாசனை வந்திருக்குமே, அப்பவே ஓரமா நிறுத்தியிருந்தா பாதியாவது பொழைச்சிருக்குமே"ன்னேன். அவரு வீட்டம்மாவைப் பாத்தாரு. அந்தம்மா தலையிலிருந்த மல்லிப்பூவை சரி பண்ணிக்கினே சொன்னாங்க: "வாசனை வந்துச்சு பாய். முருகனுக்குப் போடற சாம்பிராணி பாதி மலை வரைக்கும் எறங்கி வருதேன்னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்கினோம்."

ஜுரம் எடுத்துக்கினு போனது

கொரோனா ஜுரம் எல்லார் வீட்டுக்கும் வந்த மாதிரி என் வீட்டுக்கும் வந்துச்சு. பத்து நாள் படுத்தேன், எழுந்தேன். உயிரு இருக்கு, கை காலு இருக்கு, அல்லா காப்பாத்தினான்னு கடையைத் தெறந்தேன். முதல் வண்டி வந்து நின்னுச்சு. குனிஞ்சு மோந்து பாத்தேன். ஒண்ணுமே இல்ல. மறுபடி பாத்தேன். சுவத்தை மோந்து பாத்த மாதிரி இருக்குது. டீசலை விரல்ல தொட்டு மூக்குக்கிட்ட வெச்சேன், தண்ணி மாதிரி இருந்துச்சு. டாக்டரு, "வந்துடும், வந்துடும்"னாரு. பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் சொல்ற மாதிரியே சொன்னாரு. இன்னும் வரல.

வீட்டுக்காரி கிட்டக் கூட சொல்லல. சொன்னா கவலைப்படுவாளேன்னு, எப்பவும் போல சாப்பிட்டேன், எப்பவும் போல கை கழுவினேன். நாலாம் நாளு, கறிக்குழம்பு ஊத்தினா. "நல்லாருக்கு"ன்னேன். தட்டைக் கீழ வெச்சிட்டு என் மூஞ்சியையே பாத்தா. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டதுக்கு அவ சொன்னது: "கொழம்பு அடிப்புடிச்சு தீஞ்சு போச்சு. அது கூட பரவால்ல. கல்யாணம் ஆகி முப்பத்தஞ்சு வருஷத்துல இன்னிக்குத்தான் நல்லாருக்குன்னு சொல்ற, அப்பவே உனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு தெரியாதா எனக்கு?"

காதால மோந்தது

மூக்கு போனப்புறம் காதை வெச்சுத் தொழில் பண்ண ஆரம்பிச்சேன். கிளட்ச் பேரிங் போனா கீச்சுங்கும். பிளேட்டு தேஞ்சிருந்தா எஞ்சின் சத்தம் மட்டும் மேல மேல போவும், வண்டி போவாது. காது சொல்றதைக் கேட்டுக்குவேன். அப்புறம் ஊருக்காக மூக்கை ஒரு தடவை உறிஞ்சிட்டு, மூக்கு சொன்ன மாதிரி சொல்லுவேன். பக்கத்துக் கடை வயரிங் தனபாலுக்குக் கூடத் தெரியாது. அவன் என் எதிர்லயே, "பாய் மூக்கு வேற மாதிரிங்க"ன்னு வர்றவங்க கிட்ட சொல்லுவான். நான் குனிஞ்சு ஸ்பானரைத் தேட ஆரம்பிச்சிடுவேன்.

ஒரு நாளு ஒரு டீச்சரம்மா வந்தாங்க. "ரெண்டு நாளா வண்டியில ஒரு மாதிரி நாத்தம் வருது பாய், நீங்களே மோந்து பாருங்க"ன்னு கதவைத் தெறந்து விட்டாங்க. தனபாலு கர்சீப்பை மூக்குல வெச்சிக்கினு பத்தடி தள்ளிப் போனான். நான் தலையை உள்ள விட்டு நல்லா உறிஞ்சேன். என்னான்னு சொல்றது? எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி காதை வெச்சேன். லேசா ஒரு கீச்சு. தைரியமா, "கிளட்ச்ல தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு டீச்சர், அந்த வாசனைதான்"னேன். அவங்க குனிஞ்சு சீட்டுக்கு அடியில கையை விட்டு, சந்தையில வாங்கி மறந்துபோன ஒரு பொட்டலத்தை வெளியில எடுத்தாங்க. பிரிச்சுப் பாத்துட்டு, வகுப்புல சந்தேகம் கேக்கிற மாதிரியே கேட்டாங்க: "கருவாடு கூட தேயுமா பாய்?"

கோபி கேட்ட பாடம்

ஆர்.கே.பேட்டையைத் தாண்டி ஒரு கிராமத்துல சின்னசாமின்னு ஒரு விவசாயி. நிலக்கடலை, கரும்புன்னு நல்லா வெச்சிருக்கிறவரு. அவரு டிராக்டருக்கும் காருக்கும் நான்தான் வைத்தியம். அவரு மகன் கோபி, காலேஜ் முடிச்சவன், ஒரு நாள் கடைக்கு வந்து போனை நீட்டினான். அதுல ஒருத்தன் காரை நின்ன இடத்துலயே வெச்சு டயரைச் சுத்த விட்டு, வண்டியே தெரியாத அளவுக்குப் புகை கிளப்பறான். "இதுக்குப் பேரு பர்ன் அவுட்டு பாய். எப்படிப் பண்றது?"ன்னான்.

நாப்பது வருஷமா எரிஞ்சதை சரி பண்றவன் கிட்ட வந்து எரிக்கிறது எப்படின்னு கேக்கறான். ஆனா தொழிலைப் பத்திக் கேட்டா எனக்கு வாய் நிக்காது. சொன்னேன். "முன்சக்கரம் இழுக்கிற வண்டின்னா கைப்பிரேக்கை இழுத்துக்கணும், பின்சக்கரம் அசையாது. முதல் கியரு. ஆக்சிலேட்டரை மிதிச்சு எஞ்சினைக் கத்த விடணும். அப்புறம் கிளட்ச்சைப் பட்டுனு விடணும். பட்டுனு விட்டா சக்கரம் நின்ன இடத்துல சுத்தும், டயர் புகை விடும். பயந்து பயந்து மெதுவா விட்டா சக்கரம் சுத்தாது தம்பி, உள்ள கிளட்ச் பிளேட்டு தேஞ்சு அது புகை விடும். பாக்கிறவனுக்கு ரெண்டும் புகைதான். ஒண்ணு டயர் கடைக்காரனுக்கு, ஒண்ணு எனக்கு. எப்படிப் பண்ணாலும் ஒண்ணு போவும். பண்ணித்தான் ஆவணும்னா உன் வண்டியில பண்ணு, உங்க நைனா வண்டியைத் தொடாத"ன்னு கண்டிப்பா சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டினான். வாசப்படி இறங்கறப்ப திரும்பிச் சொன்னான்: "எனக்குன்னு வண்டியே கெடையாது பாய், அதனாலதான் இவ்ளோ தைரியமா கேக்கறேன்."

எரிஞ்சுபோன இன்ஜினியரு

அந்த வார்த்தையைக் கத்துக்கின மறு வாரமே இன்னொருத்தன் வந்தான். மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கிற பையன், லீவு போட்டுட்டு ஊருக்கு வந்திருக்கான். வண்டியை விட்டுட்டு ஸ்டூல்ல உக்காந்தவன் தரையையே பாத்துக்கினு இருந்தான். உடம்பு சரியில்லையான்னு கேட்டேன். "பர்ன் அவுட் பாய்"ன்னான்.

எனக்குக் கோவம். படிச்ச பையன் இப்படிப் பண்ணலாமான்னு, எழுந்து போய் நாலு டயரையும் தடவிப் பாத்தேன். முன்னால ரெண்டும் புதுசு மாதிரி இருக்கு. கிளட்ச்சை மிதிச்சுப் பாத்தேன், வெண்ணெய் மாதிரி இருக்கு. "எங்கப்பா? எதுவும் எரியலையே, நல்லாத்தானே இருக்குது"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். ரெண்டு மாசத்துல சிரிச்சது அப்பதான்னு அவன் அம்மா அப்புறம் சொன்னாங்க. சிரிச்சிட்டு சொன்னான்: "வண்டி இல்ல பாய், நான்."

பட்டுனு விடு

இனிமே சொல்றதுதான் நடுராத்திரி முழிப்பு வந்தா எனக்கு ஞாபகம் வர்றது. சின்னசாமி தன் பொண்ணை அம்மா வழி சொந்தத்துல, கடப்பா பக்கம் குடுத்திருந்தாரு. மாப்பிள்ளை பேரு சீனு. ஆடிக் கிருத்திகைக்கு முதல் தடவையா மாமனார் வீட்டுக்கு வந்திருந்தாரு. அந்த வீட்டுல அப்பாவை நைனாம்பாங்க, அக்கா புருஷனை பாவாம்பாங்க. கோபிக்குத் தெரிஞ்ச தெலுங்கு அதோட சரி. மாப்பிள்ளைக்குத் தமிழு அதை விடக் கொஞ்சம் கம்மி.

சீனு வண்டி ஓட்டினா நிதானமா ஓட்டுவாரு. அது போதாதா மச்சான்களுக்கு? "பாவா ஓட்டினா பின்னால வர்ற மாட்டுவண்டி ஆரன் அடிக்குது"ன்னு ரெண்டு நாளா கிண்டல். கிருத்திகைக்கு மறுநாள், சித்தப்பா, பெரியப்பா பசங்களெல்லாம் கூடி, கடலை காயப்போடற சிமெண்டு களத்துக்கு சின்னசாமி காரை எடுத்துக்கினு போயிட்டாங்க. பாவா பர்ன் அவுட்டு பண்ணணும். டயர் புகைஞ்சா பாவா சிங்கம். கிளட்ச் புகைஞ்சா அன்னிலேர்ந்து அவரு பேரு ஆஃப் கிளட்ச் பாவா, அதாவது பாதி கிளட்ச்சு பாவா. விளையாட்டுன்னு நினைக்காதீங்க. அந்த வீட்டுல பேரு வெச்சா ஒட்டிக்கும். எப்பவோ ஒரு தடவை பஸ்ல வாந்தி எடுத்த ஒருத்தரை இருபது வருஷமா வாந்தி சித்தப்பான்னுதான் கூப்பிடறாங்க, கல்யாணப் பத்திரிகையில மட்டும் போடல.

சீனு ஏறி உக்காந்தாரு. கைப்பிரேக்கு, முதல் கியரு, ஆக்சிலேட்டரு, எல்லாம் நான் சொன்ன மாதிரியே. எஞ்சின் கத்துது. கோபி ஜன்னல் கிட்ட நின்னுக்கினு என் பாடத்தை ஒப்பிக்கிறான், "கிளட்ச்சைப் பட்டுனு விடு பாவா!" எஞ்சின் சத்தத்துல பாதிதான் காதுல விழுது. சுத்தி நிக்கிற பசங்களும் சேந்துக்கினு, "பட்டுனு! பட்டுனு!"ன்னு குதிக்கிறாங்க. தெலுங்குல பட்டுன்னா என்னான்னு அங்க ஒருத்தனுக்கும் ஞாபகம் வரல. பட்டுன்னா புடி. இவங்க விடு விடுன்னு கத்தறாங்க, அவரு காதுல புடி புடின்னு விழுது. அவரு கிளட்ச்சைப் பாதியில புடிச்சவரு, புடிச்சாரு புடிச்சாரு, புகை பானெட்டைச் சுத்திக்கினு வர்ற வரைக்கும் விடவே இல்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் அவரு கேட்டது: "மீரே கதா, நீங்கதானே பட்டு பட்டுன்னீங்க? நான் பட்டுக்கினேதானே இருந்தேன்!"

தீர்ப்பு

புகை வந்ததும் பயந்து எஞ்சினை நிறுத்திட்டாங்க. இப்ப சண்டை. டயருதான்னு சீனு. கிளட்ச்சுதான்னு கோபி. அன்னிக்கு என் நேரம், நான் அதே ஊருல ரெண்டு தெரு தள்ளி ஒரு டிராக்டருக்குக் கீழ படுத்திருந்தேன். "மூக்கு பாய் இங்கதான் கீறாரு, கூப்பிடு அவரை"ன்னு ஆளு வந்துடுச்சு. போனேன். களத்துல இருபது முப்பது பேரு. பொம்பளைங்க எல்லாம் முந்தானையால மூக்கைப் பொத்திக்கினு நிக்கிறாங்க. சின்னசாமி வேப்பமரத்தடியில கையைக் கட்டிக்கினு நிக்கிறாரு. சீனு மூஞ்சியில வேர்வை. அவரு பொண்டாட்டி புருஷனையும் என்னையும் பாக்குது.

"வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னேன். கோபி விடல. "ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா யாருக்குத்தான் தெரியாது பாய்? நீ மூக்கால சொல்லு." எல்லாரும் ஆங், ஆங்ன்னாங்க. காதுக்கு வேலை இல்லாமப் போச்சு. குனிஞ்சு உறிஞ்சேன். மறுபடியும் சுவத்தை மோந்த மாதிரிதான். மூச்சை இழுத்துக்கினே கையால டயரைத் தொட்டுப் பாத்தேன், சுடுது. கீழ சிமெண்டுல கறுப்பா தடம் இருக்கு. அப்பாடா, டயருதான், அல்லா வழி காட்டிட்டான்னு நிமிந்து, நாப்பது வருஷ அனுபவத்தோட, "டயருதான்"னேன்.

எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. ஆடி மாசத்து வெயில்ல மதியம் வரைக்கும் காய்ஞ்ச சிமெண்டு களம், அதுல நின்ன எந்த டயரும் சுடும். அந்தக் கறுப்புத் தடம் டிராக்டர் போட்டது. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. கோபி ஏறி ஸ்டார்ட் பண்ணான். கைப்பிரேக்கை எறக்கினான், கியரு போட்டான், கிளட்ச்சை விட்டான். எஞ்சின் கத்துது, வண்டி அசையல. தலைமயிரு எரிஞ்ச அந்த நாத்தம் அங்க இருந்த எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, கைக்குழந்தை கூட மூஞ்சியைச் சுளிச்சிக்கினு இருந்திருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியல. முடிஞ்சுது நம்ம கதைன்னு தலையைக் குனிஞ்சேன்.

சின்னசாமி மரத்தடியிலேர்ந்து மெதுவா நடந்து வந்தாரு. என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினாரு. கண்ணுல தண்ணி. நான், "மன்னிச்சிடுங்க"ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள கூட்டத்தைப் பாத்து ஒரு சத்தம் போட்டாரு: "பாத்துக்கோங்கடா! என் வூட்டு மாப்பிள்ளை நாலு பேருக்கு எதிர்ல தலை குனியக் கூடாதுன்னு, இந்த மனுசன் நாப்பது வருஷமா சம்பாதிச்ச பேரைத் தூக்கிக் களத்துல போட்டுட்டாரு. இனிமே எவனாவது பாவாவுக்குப் பட்டப்பேரு வெச்சீங்கன்னா, அது பாயை செருப்பால அடிச்ச மாதிரி!"

அத்தர்

நான் மறுக்கல. குனிஞ்ச தலையை அப்படியே வெச்சிக்கினேன், அதை அடக்கம்னு எடுத்துக்கினாங்க. ஒரே வாரத்துல கதை ஆர்.கே.பேட்டை பஸ்ல ஏறி திருத்தணிக்கு வந்துடுச்சு. கடைக்கு வர்றவங்க வண்டியைக் காட்டறதுக்கு முன்னால கும்புடறாங்க. இப்பல்லாம் நான் ஏதாவது தப்பாச் சொன்னா கூட, "பாய் நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாரு"ன்னு தலையாட்டறாங்க. பொய் சொல்லல, உண்மையும் சொல்லல. தனபாலு மட்டும் கொஞ்ச நாளு முறைச்சுக்கினு இருந்தான், பக்கத்துல ஒரு மகான் கடை வெச்சா வயரிங் கடைக்குக் கஷ்டம்தானே.

ஒரு மாசம் கழிச்சு சீனு வந்தாரு. அது வரைக்கும் மாமனார் வீட்டுலயே தங்கியிருந்தவரு, ஊருக்குப் போறதுக்கு முன்னால பாயைப் பாக்கணும்னு வந்தாராம். ஒரு சின்ன பெட்டியை என் கையில குடுத்தாரு. வர்ற வழியில பஜார்ல அத்தர் கடையில வாங்கினது. மூக்குக்குப் பேர் போனவருக்கு இதை விட நல்ல பரிசு எதுன்னு யோசிச்சு வாங்கிக்கினு வந்திருக்காரு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. சீசாவை எடுத்து மூக்குக்கிட்ட வெச்சு, கண்ணை மூடி, அடிவயிறு வரைக்கும் மூச்சை இழுத்து, "மாஷா அல்லா! என்னா மல்லி, என்னா மல்லி!"ன்னேன்.

கண்ணைத் தெறந்தேன். சீனு சீசாவைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "பாய், அது ரோஜா"ன்னாரு. கொஞ்சம் நிறுத்தி, "மூடி மேல மெழுகு கூட இன்னும் பிரிக்கல"ன்னாரு.

தனபாலு கடையில ரேடியோ பாடிக்கினு இருந்துச்சு. நான் ஸ்டூல்ல உக்காந்தேன். அவரையும் உக்கார வெச்சேன். ஜுரத்துலேர்ந்து கருவாடு வரைக்கும், களத்துல தொட்ட டயர் வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். நான் உங்க மானத்தைக் காப்பாத்தல தம்பி, எனக்குத் தெரியாமத்தான் சொன்னேன், உங்க மாமனார் கிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்கு இந்தப் பாரம் தாங்கலைன்னேன். நான் ஒரு வார்த்தை சொன்னா இந்தக் கடை போயிடும். அவரு ஒரு வார்த்தை சொன்னா ஆஃப் கிளட்ச் பாவா திரும்பி வந்துடுவாரு. ரெண்டு பேருமே அதைக் கணக்குப் போட்டோம்னு நினைக்கிறேன். சீனு சீசாவை எடுத்து பத்திரமா பெட்டியில வெச்சு மூடினாரு. இந்த ஒரு மாசத்துல தமிழு நல்லாவே கத்துக்கினு இருந்தாரு. ரோட்டை ஒரு தடவை பாத்துட்டு, குரலை எறக்கி சொன்னாரு: "பயப்படாதீங்க பாய். இதை நான் பட்டுனு விடமாட்டேன். பட்டுக்கினே இருப்பேன்."

ஒரிஜினல் பார்ட் வேலை செஞ்ச வரைக்கும் எனக்குத் தொழில் தெரியும்னு மட்டும்தான் ஊரு சொல்லிச்சு, அது கழண்டு விழுந்தப்புறம் தங்கமான மனசுக்காரன்னு சொல்லுது, அதனால நானும் ரிப்பேருக்கு அலையாம வண்டியை இப்படியே ஓட்டிக்கினு இருக்கேன்.